ஸ்வாஹிலியில் பூசை வைத்துவிடலாம், அதுதான் ஆபத்து

தென்காசிக்காரன்

பிரதர், உங்களைத் தான்சானியாவுக்கு அனுப்பப் போகிறார்கள், மொழி வருமா என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். குருப்பட்டம் வாங்கிய கையோடு என்னையும் அங்கேதான் அனுப்பினார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று இங்கே சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். கென்யாவில் ஓரளவு நடக்கும். தான்சானியாவில் 1967-லிருந்தே அரசுத் தொடக்கப் பள்ளி முழுக்க ஸ்வாஹிலிதான், முதல் அதிபர் நியரேரே காலத்து முடிவு. அவர் பிறந்த புத்தியாமா நான் மொழி படித்த மூசோமாவுக்குப் பக்கம். மூசோமா விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிற ஊர். அங்கே மக்கோக்கோ என்ற இடத்தில் மேரிநோல் சபையார் தொடங்கிய பழைய மொழிப் பள்ளி இருக்கிறது. என்னோடு போலந்துக்காரர் ஒருவரும் கொரியச் சகோதரிகள் இருவரும் படித்தார்கள்.

முதலில் கடிகாரம். அங்கே நேரத்தைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். காலை ஏழு மணி என்றால் அவர்களுக்கு 'சா மோஜா', அதாவது ஒரு மணி. பத்து மணி என்றால் நான்கு. போலந்துக்காரருக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. எனக்கு எங்கள் தாத்தா பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு உதயாதி நாழிகை சொன்ன ஞாபகம் இருந்ததால் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடு, வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் விடிகிறது. அவர்கள் கணக்கு அந்த ஊருக்குச் சரிதான்.

இலக்கணம் தமிழனுக்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. ஒரே வினைச்சொல்லுக்குள் யார், எப்போது, யாரை எல்லாம் அடங்கிவிடும். நாம் 'படிக்கிறேன்' என்று கடைசியில் 'ஏன்' வைக்கிறோம், அவர்கள் 'நினசோமா' என்று முன்னாலேயே 'நி' வைத்துவிடுகிறார்கள். நமக்கு வாலில் இருப்பது அவர்களுக்குத் தலையில், அவ்வளவுதான். அவன், அவள் வித்தியாசமே கிடையாது. ஆனால் பெயர்ச்சொற்களை வகை வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'கிட்டாபு' என்றால் புத்தகம், பல புத்தகம் 'விட்டாபு'. கூட வருகிற 'நல்ல', 'இந்த', 'என்' எல்லாம் அதற்கேற்ப முகம் மாறும். நமக்குத் திணை இரண்டோடு முடிந்தது, அங்கே பத்துக்கும் மேல். இதற்குக் குறுக்கு வழி கிடையாது, உருப்போட வேண்டியதுதான்.

உச்சரிப்பில் நமக்கு லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. மாட்டுக்கு அங்கே 'ஙோம்பே'. கொரியச் சகோதரிகள் அந்த முதலெழுத்தோடு மல்லுக்கட்டினார்கள். மனு எழுதி 'இங்ஙனம்' என்று கையெழுத்துப் போடும் ஊர்க்காரனுக்கு அது ஒரு பொருட்டா! ஆனால் குறிப்பைத் தமிழ் எழுத்தில் மட்டும் எடுக்காதீர்கள். நம் 'ப'வில் இரண்டு ஒலியும் அடங்கிவிடுவதால் வாத்தும் (bata) 'கிடைப்பது'ம் (pata) ஒரே சொல்லாகிவிடும். அப்பாவும் (baba) சுறாமீனும் (papa) கூட அப்படித்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஸ்வாஹிலியை எழுதியிருப்பதுபோலவே வாசிக்கலாம். சில வாரங்களில் பூசைப் புத்தகத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்க வந்துவிடும். மேலே இருப்பவர்கள் அதைக் கேட்டு 'அட, மொழி வந்துவிட்டதே' என்று பங்குக்கு அனுப்பிவிடுவார்கள். மக்களும் நம்பிவிடுவார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் இருபது பேர் சூழ்ந்துகொண்டு பேசுவார்கள், ஒன்றும் புரியாது. புரிந்த மாதிரித் தலையாட்டும் பழக்கம் அப்போதுதான் தொடங்குகிறது, அது விடாது. சாமியார் தலையாட்டினால் அங்கே 'சரி, செய்கிறேன்' என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் மகனின் பள்ளிக் கட்டணத்தைக் கேட்டிருக்கலாம், இன்னொருவர் தாயாருக்கு நோயில்பூசுதல் கேட்டிருக்கலாம்.

பாவசங்கீர்த்தனம் இன்னும் மோசம். பாதி புரிந்துகொண்டு மன்னிப்பு வழங்குவதைச் சட்டம் என்ன சொல்கிறதோ, என் மனசு ஒப்பவில்லை. எங்கள் பங்குத் தந்தை தங்கமான மனிதர். 'காது பழகும்வரை பாவசங்கீர்த்தனம் நான் கேட்டுக்கொள்கிறேன், நீ உபதேசியாரோடு வீடு வீடாகப் போ' என்றார். உங்களுக்கு அப்படி ஒருவர் வாய்க்காவிட்டால் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். இளம் சாமியார்கள் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள், அனுப்பிய சபைக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு கௌரவமும் தெரியவில்லை.

வீடு வீடாகப் போனதில்தான் பேச்சு வந்தது. கதவைத் தட்டக்கூடாது, வாசலில் நின்று 'ஹோடி!' என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து 'கரிபு' என்று பதில் வரும். அப்புறம் விசாரிப்பு: வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, வேலை எப்படி, ராத்திரி எப்படி விடிந்தது. எல்லாவற்றுக்கும் 'நல்லது' என்றுதான் பதில். வீட்டில் காய்ச்சலில் ஆள் படுத்திருந்தாலும் முதலில் 'நல்லது', அதன் பிறகே சங்கதி. இதைப் பாதியில் வெட்டிவிட்டு விஷயத்துக்கு வந்தால் மரியாதை தெரியாதவன் ஆகிவிடுவோம். பெரியவர்களுக்கு 'ஷிகாமோ' சொல்ல வேண்டும். எழுபது வயதுப் பாட்டி ஒருவர் எனக்கே அதைச் சொன்னபோது கூசிப்போய் உபதேசியாரைப் பார்த்தேன். 'பட்டத்துக்குச் சொல்கிறார், வாங்கிக்கொள்ளுங்கள்' என்றார்.

இன்னொன்று, அந்தப் பாட்டிக்கே ஸ்வாஹிலி வீட்டு மொழி இல்லை. கோபம் வந்தால் ஜீத்தா மொழிக்குப் போய்விடுவார். அந்தப் பக்கம் குரியா, லுவோ என்று இன்னும் உண்டு.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். உகாலி என்பது மக்காச்சோளக் களி. ஏரிக்கரை மணலில் 'தகா' என்று பொடி மீனைக் காயவைப்பார்கள், ஊரே கருவாட்டு வாசம்.

வடக்கன்குளம் சிஸ்டர்

ஃபாதர், உங்கள் உகாலி இத்தாலியிலும் இருக்கிறது, பொலெந்தா என்ற பெயரில்! நான் வெனெத்தோ பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறேன். அங்கே குளிர் வந்துவிட்டால் அதுதான் சாப்பாடு.

எனக்குத் தலையாட்டும் பிரச்சினை வேறு விதமாக வந்தது. பெருஜியாவில் வெளிநாட்டவருக்கான பல்கலைக்கழகத்தில் இத்தாலியன் படித்துத் தேர்வும் நன்றாக எழுதிவிட்டுப் போனேன். இல்லத்தில் பாட்டிமார்கள் பேசுவது அந்த இத்தாலியனே இல்லை, வெனெத்தோ பேச்சு. அதிலும் பல்செட்டைக் கழற்றிய பிறகு! டிவி செய்தி முழுக்கப் புரியும், பக்கத்துக் கட்டிலில் கேட்கும் தண்ணீர் புரியாது. மருந்து கொடுக்கிற இடத்தில் ஊகத்தில் வேலை செய்ய முடியாதில்லையா. 'மறுபடி சொல்லுங்கள் நோன்னா' என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். எனக்குச் சொல்லித்தந்தவர் சமையற்கட்டில் வேலை செய்த ஒரு ருமேனிய அக்கா. அவரும் வெளியிலிருந்து வந்து காதால் பழகியவர், அதனால் எது நமக்குப் புரியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது தெரிவதில்லை.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். சாமியார்களுக்கு மொழி படிக்க மாதக்கணக்கில் நேரம் தருகிறார்கள். பல சபைகளில் சிஸ்டர்களுக்குப் பகலில் வகுப்பு, சாயங்காலம் டியூட்டி. பிரதர், நீங்கள் அங்கே போனால் கூடப் படிக்கும் சிஸ்டர்களைக் கொஞ்சம் கவனியுங்கள்.

பொறையாறு

நான் மிஷனரி இல்லை, தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஊர்க்காரன். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9-ஆம் தேதி இங்கே கரையேறினார். மறுநாள் அவருக்கு 24 வயது நிறைந்தது. கோட்டைப் பக்கம் போர்த்துக்கீசியம் செல்லுபடியானதால் முதலில் அதைப் பிடித்தார், பிறகுதான் தமிழ். திண்ணைப் பள்ளி வாத்தியாரைக் கூப்பிட்டு, பிள்ளைகளோடு சேர்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதியவர். பன்மொழி தெரிந்த அழகப்பன் என்பவர் பேச்சுக்குத் துணை. சுமார் இரண்டு ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து ஒவ்வொன்றும் என்ன என்று குறிப்பு எழுதிவிட்டார். அதற்குப் பிறகு டேனிஷ் ஆளுநர் அவரைப் பிடித்துச் சில மாதம் சிறையில் வேறு வைத்தார். ஃபாதர் சொல்கிற 'வாசிக்க வந்தால் பேச வந்ததாகாது' என்பதற்கு அவர் எதிர்ச்சாட்சி ஆவாரோ? சுவடி வாசித்தே தமிழ் பிடித்தவர்.

தென்காசிக்காரன்

ஐயா, அவருக்கு வாசிப்பே மலையேற்றம், ஏட்டுத் தமிழில் புள்ளிகூட இருக்காது. அதை வாசித்தவருக்கு மொழியும் வந்திருக்கும்தான். ஸ்வாஹிலியில் அர்த்தம் தெரியாமலே வாசித்துவிடலாம், சிக்கலே அங்கேதான். கிழக்கு ஆப்பிரிக்கப் பக்கம் முதலில் உழைத்த மிஷனரி க்ராப்ஃபும் ஜெர்மானியர்தான். 1844-இல் மொம்பாசா வந்த சில மாதங்களில் மனைவியையும் பச்சிளம் மகளையும் காய்ச்சலுக்குக் கொடுத்தார். அவர் தொகுத்த ஸ்வாஹிலி அகராதி அச்சாகி வந்தது 1882-இல், இறந்த மறுவருஷம்.

சிஸ்டர் சொன்ன குறை நியாயம். எங்களோடு படித்த கொரியச் சகோதரிகள்தான் கடைசியில் எல்லோரையும்விட நன்றாகப் பேசினார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

பிரதர், பெட்டியில் என்ன வைப்பது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். கொசுவலை சுமக்காதீர்கள், அங்கேயே கிடைக்கும். பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் ஏரிக்கரை நகரமான முவான்சாவில் குஜராத்திக் கடைகளில் இருக்கிறது. புளியும் சந்தையிலேயே உண்டு. நார்த்தங்காய் ஊறுகாய் மட்டும் எடையைப் பார்க்காமல் கொண்டுபோங்கள்.