உரிமைத் தொகையும் மாநிலத்தின் கடனும்: எல்லை எங்கே?

கேள்வி (தக்கலை வாசகர்):

2025-26 வரவு செலவுத் திட்டத்தின்படி, நிதியாண்டு முடிவில் தமிழக அரசின் நிலுவைக் கடன் ஏறத்தாழ 9.3 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும். எங்கள் தெருவில் மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை பெறும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அது சிலிண்டருக்கும் சர்க்கரை நோய் மாத்திரைக்கும் செலவாவதைப் பார்க்கிறேன். ஆனால் களியக்காவிளையைத் தாண்டினால், கேரளத்தில் 1,600 ரூபாய் நல ஓய்வூதியம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றதை உறவினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நமக்கும் அந்த நிலை வருமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (நாகர்கோவில்):

அண்ணாச்சி, மொத்தத் தொகையைவிட, வாங்கும் கடன் எதற்குப் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதே வரவு செலவுத் திட்டத்தில் நிதிப் பற்றாக்குறை, அதாவது அந்த ஆண்டில் கடன் வாங்கி நிரப்ப வேண்டிய தொகை, சுமார் 1.07 லட்சம் கோடி ரூபாய். வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவு வருவாயை மிஞ்சும் தொகை, 41,635 கோடி. அதாவது, வாங்கும் கடனில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு சம்பளம், ஓய்வூதியம், மானியம், பழைய கடனின் வட்டி போன்ற அன்றாடச் செலவுகளிலேயே கரைந்துவிடுகிறது. வட்டிக்கு மட்டும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தேவைப்படுகிறது. உரிமைத் தொகைக்கான ஒதுக்கீடு 13,807 கோடி. அதை அடியோடு நிறுத்தினாலும் வருவாய்ப் பற்றாக்குறையில் மூன்றில் ஒரு பங்குதான் குறையும் என்பதால், பழி முழுவதையும் அந்த ஆயிரம் ரூபாயின் தலையில் கட்டுவது நியாயமாகாது.

கேரளத்தின் சிக்கலில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஓய்வூதியம் வழங்குவதற்கென அமைத்த நிறுவனமும், உள்கட்டமைப்புப் பணிகளுக்கு நிதி திரட்டும் கேரள அரசின் கிஃப்பி அமைப்பும் வாங்கிய கடன்களை, மாநிலத்தின் கடன் வரம்புக்குள்ளேயே மத்திய அரசு கணக்கிட்டது. அதனால் புதிதாகக் கடன் வாங்க இடம் சுருங்கியது. மாநிலங்கள் கடன் வாங்குவதைப் பற்றிய அரசியலமைப்பின் 293ஆவது பிரிவு தொடர்பாக ஒரு வழக்கை 2023 டிசம்பரில் கேரளம் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது.

மறுமொழி 2 (குளச்சல் அருகே ஒரு கடற்கரை ஊர்):

மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர் வீடுகளில் அடுப்பு எரிவதற்கு நிவாரணம் எவ்வளவு முக்கியம் என்பதை நான் அறிவேன். அதைக் குறைக்கச் சொல்பவர்கள் அந்த இரண்டு மாதங்கள் இங்கே வந்து பார்க்கட்டும். மற்றொரு திட்டத்தில் நாங்களே 1,500 ரூபாய் சேமிக்கிறோம். அரசுகள் 3,000 சேர்த்து, வருமானம் குறைந்த மாதங்களில் திருப்பித் தருகின்றன. இப்படிப் பங்களிப்போடு கூடிய உதவியை யாரும் இலவசம் என்று சொல்ல முடியாது.

அதே சமயம், எங்களுக்குத் தூண்டில் வளைவும் (கரையைக் காக்கக் கடலுக்குள் கல் கொட்டி அமைக்கும் தடுப்பு) வேண்டும். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து, படகு கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. கடன் பணம் அன்றாடச் செலவில் தீர்ந்தால் முதலில் தள்ளிப்போவது இத்தகைய வேலைகள்தான். தள்ளிப்போன கல்லுக்காக எவரும் மனுக் கொடுப்பதில்லை.

மறுமொழி 3 (மார்த்தாண்டம்):

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். 2011-12, 2012-13 ஆண்டுகளில் தமிழகத்தில் வருவாய் உபரி இருந்தது. ரேஷன் கடையில் விலையில்லா அரிசியும் மாணவர்களுக்கு மடிக்கணினியும் வழங்கத் தொடங்கியது அதே 2011இல்தான். சத்துணவு அதற்கும் பல்லாண்டுகள் முந்தையது. வருவாய்ப் பற்றாக்குறை 2013-14 முதல்தான் விடாமல் தொடர்கிறது. ஆகவே, நலத்திட்டம் இருந்தால் பற்றாக்குறை வந்தே தீரும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. செலவு வளர்ந்த வேகத்துக்கு மாநிலத்தின் சொந்த வரி வருவாய் ஏன் ஈடுகொடுக்கவில்லை என்பதையே நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும்.