சார்ஜ் போட்டால் போன் கொதிக்கிறது: பேட்டரியா, போர்டா?

வணக்கம் நண்பர்களே. என் போன் கொஞ்ச நாளாக ரொம்பச் சூடாகிறது. சார்ஜில் இருக்கும்போது கேமராவை ஒட்டிய இடம்தான் அதிகம் சுடுகிறது; நடுவில் பேட்டரி இருக்கும் பகுதி அந்த அளவுக்கு இல்லை. சார்ஜில் போடாமல் வீடியோ கால் பேசினாலும் இதே கதைதான், திரை தானாக மங்கிவிடுகிறது.

கவரைக் கழற்றியாயிற்று. சார்ஜரும் போனுடன் வந்ததுதான். வேகச் சார்ஜிங்கை அணைத்ததும் சூடு கொஞ்சம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. சிக்னல் பலவீனமாக இருந்தால் போன் அதிக மின்சாரம் எடுக்கும் என்பதால் ஏரோபிளேன் மோடில் வைத்தும் சார்ஜ் செய்தேன், வித்தியாசம் இல்லை. (தயவுசெய்து ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லாதீர்கள், உள்ளே ஈரம் கோத்துவிடும்.)

சார்ஜ் ஏறும்போது பேட்டரி வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதாக ஒரு ஆப் காட்டுகிறது. லித்தியம் அயன் பேட்டரியைச் சார்ஜ் செய்யப் பொதுவாக அதுதான் மேல் வரம்பு, அதனால்தான் பயமாக இருக்கிறது. பின்மூடி உப்பவில்லை, அதுவரை நிம்மதி.

பேட்டரியை மாற்றினால் சரியாகுமா, இல்லை போர்டில் சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் சிப்பான சார்ஜிங் ஐசி கோளாறா? போனைப் பிரிக்காமலே கண்டுபிடிக்க வழி உண்டா? அப்புறம், சர்வீஸுக்குக் கொடுக்கும் வரை இதைப் பயன்படுத்தலாமா? ரிப்பேர் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.