பப்பெட்: முதல் ரன் ஃபெயில், ரெண்டாவது ரன் ஓகே, ஏன்?

ராத்திரிஷிஃப்ட்:
பப்பெட்ல (நாம எழுதுற கோட் படி சர்வர செட் பண்ற டூல்) ஒரு சந்தேகம். புது டெபியன் விஎம்ல (வெர்ச்சுவல் மெஷின்) அதோட ஏஜென்ட் முதல் தடவ ஓடும்போது என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) கான்ஃபிக் ஃபைல எழுதப் போயி "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"ன்னு விழுது, ஏன்னா பேக்கேஜே இன்னும் ஏறல, அடுத்த ரன்ல ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடிடுது. ஃபைல்ல ரிக்வையர் ("இது முடிஞ்சப்புறம்தான் நான்"னு சொல்றது) போட்டு வெப்னு ஒரு கிளாஸத்தான் (கோட் தொகுப்பு) காட்டிருக்கேன். வெப் உள்ள இன்ஸ்டால்னு ஒரு கிளாஸ இன்க்ளூட் பண்ணிருக்கேன், பேக்கேஜ் அதுலதான். இப்போதைக்கு ஏஜென்ட ரெண்டு தடவ ஓடவிட்டு ஒப்பேத்துறேன், வெக்கமாத்தான் இருக்கு.

கம்பிவட்டம்:
இன்க்ளூட் அந்த கிளாஸ கேட்டலாக்ல (அந்த மெஷின்ல செய்ய வேண்டியதோட லிஸ்ட்) சேக்கும், அவ்ளோதான், வெப்புக்குள்ள அடைச்சு வெக்காது. உங்க ஃபைல் "வெப் முடிஞ்சுதா"ன்னு கேக்குது, முடிஞ்சுதுங்குது, ஆனா இன்ஸ்டால் வெளிய தனியா மிதந்துட்டு இருக்கு. மாப்ள வந்தாச்சு, தாலி இன்னும் கடையில. இன்க்ளூட எடுத்துட்டு கன்டெய்ன்னு போடுங்க, அது உள்ள அடைச்சு வெக்கும். அது பப்பெட் 3.4ல வந்தது, அதுக்கு முன்னாடி எஸ்டிடிலிப்ல (பப்பெட்டோட துணை மாட்யூல்) ஆங்கர்னு முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணு அடிச்சு கட்டிட்டு இருந்தோம், அந்த கோட இப்ப பாத்தா எனக்கே புரியல.

பழையசோறு:
கோட்ல பேக்கேஜ மேல தூக்கிப்போட்டா ஓடும்னு யாராவது சொல்லுவாங்க. பப்பெட் 4ல இருந்து எழுதுன வரிசைதான் டீஃபால்ட், அதனால ஓடத்தான் ஓடும், ஆனா நாளைக்கு எவனாவது ஃபைல பிரிச்சு அடுக்குனா திரும்ப போச்சு. எதுக்கப்புறம் எதுன்னு அம்புக்குறி (->) போட்டு எழுதிடுங்க. சர்வீஸுக்கு மட்டும் அலைக்கோடு அம்பு (~>), அப்பதான் கான்ஃபிக் மாறுனா ரீஸ்டார்ட் ஆகும்.

ராத்திரிஷிஃப்ட்:
கன்டெய்ன் போட்டேன் அண்ணே, அந்த எரர் போச்சு. ஆனா கையோட எல்லா பேக்கேஜுக்கும் முன்னாடி ஆப்ட் அப்டேட் (பேக்கேஜ் லிஸ்ட புதுப்பிக்கிறது) ஓடணும்னு கலெக்டர் (எல்லா பேக்கேஜையும் மொத்தமா பிடிக்கிறது) வெச்சு ஒரு வரி சேத்தேன், இப்ப "ஃபவுண்ட் 1 டிபென்டென்சி சைக்கிள்"ங்குது, அதாவது ஒண்ணுக்கொண்ணு காத்துட்டு வட்டமா சுத்துதாம்.

கம்பிவட்டம்:
எரர்லயே செயின் இருக்கும், படிங்க. ரெப்போ கீ (பேக்கேஜ் வர்ற இடத்த சரிபாக்குற சாவி) சேக்க ஜிஎன்யுபிஜி பேக்கேஜ் போட்டிருப்பீங்க, அது அப்டேட்டுக்கு முன்னாடி வேணும், உங்க கலெக்டர் அதையும் சேத்து அள்ளி அப்டேட்டுக்குப் பின்னாடி தள்ளுது. வெர்ச்சுவலா (எழுதி வெச்சு, கூப்பிடுற வரைக்கும் ஏறாத மாதிரி) பேக்கேஜ் எதாவது வெச்சிருந்தா நிபந்தனையே இல்லாத இந்த காலி கலெக்டர் அதையும் எழுப்பி இன்ஸ்டால் பண்ணிடும், பாத்துக்கங்க.

ராத்திரிஷிஃப்ட்:
அதேதான். கலெக்டர்ல டைட்டில் (பேக்கேஜ் பேரு) வெச்சு ஜிஎன்யுபிஜிய மட்டும் கழிச்சேன். விஎம்ம அழிச்சு புதுசா ஏத்தினேன், முதல் ரன்லயே முடிஞ்சுது. ரெண்டு தடவ ஓட்டுற ஸ்கிரிப்டையும் தூக்கிட்டேன்.