ஃபர்னஸுடன் இணைக்கும் ஹியூமிடிஃபயர்: பைபாஸா, விசிறி வைத்ததா, நீராவியா?

கேள்வி

குளிர்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டுக் காற்று தாங்க முடியாத அளவுக்கு வறண்டுவிடுகிறது. வெளியே வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும் நாட்களில், உள்ளே ஈரப்பதம் 18 சதவீதம்தான் இருக்கிறது. மரத்தரைப் பலகைகளுக்கு இடையில் நகம் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்துள்ளது. கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று மின்சாரம் தட்டுகிறது. குழந்தைக்கு அவ்வப்போது மூக்கில் இரத்தம் கசிகிறது.

வீடு சுமார் 200 சதுர மீட்டர். எரிவாயு ஃபர்னஸ் (காற்றைச் சூடாக்கி, டக்ட் எனும் தகரக் குழாய்கள் வழியே வீடெங்கும் அனுப்பும் கருவி) இரண்டு நிலைகளில் எரியக்கூடியது. அதன் விசிறி வேகம் மாறும் வகை. மேலே ஏசி காயில் (குளிரூட்டும் குழாய்ச் சுருள்) உட்கார்ந்திருக்கிறது. இதனுடன் ஹியூமிடிஃபயரை (காற்றுக்கு ஈரம் ஊட்டும் கருவி) இணைக்க நினைக்கிறேன். பார்வையிட வந்த ஒருவர் நீராவி வகையைத் தவிர வேறெதுவும் பயன்படாது என்கிறார்; மற்றொருவர் பைபாஸ் வகையே போதும் என்கிறார். எந்த வகையை, எந்தக் கொள்ளளவில் வாங்குவது? பொருத்தும் வேலையில் எவ்வளவை நானே செய்யலாம்?

மறுமொழி 1

வகையைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் உங்கள் வீட்டுக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் தேவை என்று பாருங்கள். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். மைனஸ் 10 டிகிரியில் 2 கிராமுக்குச் சற்று மேல்தான். ஆகவே ஃபர்னஸ் காற்றை உலர்த்துவதில்லை. சந்துகள் வழியே நுழையும் வெளிக்காற்று வரும்போதே வறண்டு வருகிறது, அதை நாம் சூடாக்குகிறோம், அவ்வளவுதான்.

200 சதுர மீட்டர் வீட்டின் கொள்ளளவு சுமார் 500 கன மீட்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை உள்காற்று முழுவதும் மாறுகிறது என்று கொண்டால், 35 சதவீத ஈரப்பதத்தைக் காப்பாற்ற நாளொன்றுக்கு 25 லிட்டர் அளவில் தண்ணீர் ஆவியாக வேண்டும். சமையல், குளியல், மூச்சு ஆகியவற்றால் அதில் ஒரு பகுதி தானாகவே கிடைத்துவிடும். காற்று இதைவிட இரு மடங்கு கசியும் வீடானால் கணக்கும் இரு மடங்காகும். நான்கு பேர் புழங்கும் வீட்டில் 18 சதவீதம் என்பது என் பார்வையில் கசிவின் அடையாளம். கூரைக்கு அடியில் உள்ள மாடத்துக்கு ஏறும் மூடியையும், கூரையை நோக்கிச் செல்லும் குழாய்களைச் சுற்றியுள்ள ஓட்டைகளையும் அடைத்துவிட்டுக் கருவியைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஊட்டிய ஈரம் மாடத்துக்குப் போய்க் கூரைப் பலகையில் உறைபனியாகப் படியும்.

மறுமொழி 2

மேலே சொன்ன கணக்கோடு உடன்படுகிறேன். வகையைப் பொறுத்தவரை, உங்களுக்கு வந்த இரண்டு ஆலோசனைகளுமே உங்கள் ஃபர்னஸைப் பார்த்துச் சொல்லப்பட்டவையாகத் தோன்றவில்லை.

பைபாஸ் வகைக்குத் தனி விசிறி கிடையாது. சூடான காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் சப்ளை டக்டுக்கும், அறைக்காற்றைத் திரும்பக் கொண்டுவரும் ரிட்டர்ன் டக்டுக்கும் உள்ள அழுத்த வேறுபாடுதான் ஈரமான பட்டையின் ஊடாகக் காற்றைத் தள்ளுகிறது. உங்கள் ஃபர்னஸ் பெரும்பாலும் முதல் நிலையில், விசிறி மெதுவாகச் சுழல, நீண்ட நேரம் எரியும். அப்போது அந்த வேறுபாடு குறைந்து, பெட்டியில் அச்சிட்ட கொள்ளளவு கிடைக்காது. தனி விசிறி வைத்த வகை இந்தக் குறையைப் பெரிதும் ஈடுகட்டும்; வெந்நீர்க் குழாயில் இணைத்தால் ஆவியாதல் இன்னும் கூடும். அது சப்ளை டக்டின் மேலேயே உட்காரும் என்பதால் பைபாஸ் குழாய்க்கு இடம் தேட வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்கு என் தேர்வு இதுதான்.

நீராவி வகை தண்ணீரை மின்சாரத்தால் கொதிக்க வைப்பதால் ஃபர்னஸின் சூட்டை நம்பியிருப்பதில்லை. வெதுவெதுப்பான காற்றையே தரும் ஹீட் பம்ப் உள்ள வீடுகளுக்கும் மிகப் பெரிய வீடுகளுக்கும் அது பொருந்தும். ஆனால் கடினநீரில் அதன் கலத்துக்குள் உப்புப் படிவு கட்டும். பல மாதிரிகளுக்குத் தனி மின்சுற்றும் வேண்டும். தண்ணீர் தேங்கி நிற்கும் தொட்டியில் உருளை சுழலும் பழைய வகையை வாங்கவே வாங்காதீர்கள். பூஞ்சைக்கு அது நல்ல வீடு.

ஈரம் ஊட்டினால் எரிபொருள் மிச்சமாகும் என்ற விளம்பரப் பேச்சையும் நம்ப வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 0.68 யூனிட் வெப்பம் செலவாகிறது. பைபாஸிலும் விசிறி வகையிலும் அது பெரும்பாலும் ஃபர்னஸிலிருந்துதான் வர வேண்டும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. விசிறி வைத்த வகையையே வாங்குகிறேன். ஃபர்னஸின் அருகே தரை வடிகால் இல்லை. ஃபர்னஸிலிருந்து வடியும் நீரை வெளியேற்றும் சிறிய பம்பு மட்டும் இருக்கிறது. ஃபர்னஸின் கட்டுப்பாட்டுப் பலகையில், ஹியூமிடிஃபயரைக் குறிக்கும் ‘ஹம்’ என்று குறித்த முனையையும் கண்டேன். நேரடியாக அதில் இணைத்துவிடலாமா?

மறுமொழி 3

மீட்டர் வைத்து அளக்காமல் இணைக்காதீர்கள், ஐயா. சில ஃபர்னஸ்களில் அந்த முனை 24 வோல்ட் தரும். சிலவற்றில் வீட்டு மின்சாரத்தின் முழு வோல்ட்டும் அதில் வரும். தண்ணீரைத் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு 24 வோல்ட்டுக்கானது. தவறாக இணைத்தால் சுருள் கருகிவிடும். ஃபர்னஸுடன் வந்த வரைபடத்தில் இது குறிக்கப்பட்டிருக்கும். எந்த வழியில் இணைத்தாலும், விசிறி ஓடி, பர்னரும் எரியும்போது மட்டுமே தண்ணீர் திறக்கும்படி இருக்க வேண்டும்.

டக்டை வெட்டும் முன் ஏசி காயில் எந்த உயரம் வரை இருக்கிறது என்று மூடியைத் திறந்து பாருங்கள். தகரத்துக்குப் பின்னால் விரற்கடைத் தூரத்தில் காயில் இருக்கக்கூடும்; துளையிடும் முனை அதில் பட்டால் குளிரூட்டி வாயு முழுவதும் போய்விடும். காயிலுக்கு மேலே சமதளமான தகரம் போதிய அளவு இருந்தால்தான் அங்கே பொருத்த முடியும்.

தண்ணீர் இணைப்புக்குப் பெட்டியோடு வரும் ‘சேடில்’ வால்வைத் தூக்கிப் போட்டுவிட்டு, குழாயில் ஒரு ‘டீ’ (மூவழி இணைப்பு) வைத்துக் கால் திருப்பு வால்வு போடுங்கள். குழாயைக் குத்தித் துளையிடும் அந்த வால்வு நாளடைவில் கசியும். வடிநீரைப் பம்பில் விடலாம். ஆனால் வெந்நீரைத் தாங்கும் பம்பா என்று அதன் ஒட்டுச்சீட்டில் பாருங்கள். பட்டை வழியே ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகாமல் வடிகாலுக்கே போகும் என்பதால், பம்பு நிரம்பி வழியப்போனால் தண்ணீரை நிறுத்தும் பாதுகாப்பு ஸ்விட்சையும் இணைத்துவிடுங்கள். தகரம் வெட்டுவதையும் குழாய் வேலையையும் கைப்பழக்கம் உள்ளவர் செய்துவிடலாம். மின்னிணைப்புக்கு மட்டும் ஆளை அழைப்பேன்.

மறுமொழி 2

பொருத்திய பிறகு உடனே 45 சதவீதத்துக்குத் திருப்பிவிடாதீர்கள். வெளியே மைனஸ் 7 டிகிரி என்றால் 35, மைனஸ் 12 என்றால் 30, மைனஸ் 18 என்றால் 25 சதவீதம் என்பது வழக்கமான அமைப்பு. வெளி உணரி உள்ள ஹியூமிடிஸ்டாட் (ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இதைத் தானே மாற்றிக்கொள்ளும். காலையில் ஜன்னல் கண்ணாடியின் கீழ் விளிம்பில் நீர் கோத்திருந்தால், எண் என்னவாக இருந்தாலும் 5 சதவீதம் குறையுங்கள். பட்டையைப் பருவத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்; உங்கள் தண்ணீர் கடினமானதாக இருந்தால் நடுவிலும் ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.