சினைப்பையை விட்டுவைத்தால் மெனோபாஸ் கவலை இல்லையா?

தாமிரபரணி: கர்ப்பப்பையை எடுத்தாலும் "சினைப்பையை விட்டுவைத்தால் மெனோபாஸ் பற்றிக் கவலையே வேண்டாம்" என்று தியேட்டர் சிஸ்டர் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் அக்காவுக்கு 36 வயதில் கட்டிக்காக எடுத்தார்கள். இரண்டு சினைப்பையும் இருக்கிறது என்று டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதியிருக்கிறது. 39 வயதில், ராத்திரி இரண்டு மணிக்கு ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். மெனோபாஸ் வந்தால், அதாவது சினைப்பை ஓய்ந்தால், ரத்தத்தில் ஏறும் ஹார்மோன் எஃப்.எஸ்.எச். அவளுக்கு அது 62. எங்கே போனது உங்கள் "கவலையே வேண்டாம்"?

தியேட்டர் சிஸ்டர்: 22 வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள் நான். ஒரு அக்காவை வைத்து ஊரையே பயமுறுத்தாதீர்கள். சினைப்பைக்கு ரத்தம் பெருந்தமனியிலிருந்து தனிக் குழாயில் வருகிறது, கர்ப்பப்பையை எடுத்தாலும் அது நிற்காது. பயப்பட வேண்டியது ரத்தப்போக்கு, தொற்று, காலில் ரத்தம் உறைவது, அப்புறம் யூரேட்டர், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாய். கர்ப்பப்பைத் தமனியைக் கட்டும் இடத்துக்கு அடியில்தான் அது போகிறது. கொஞ்சம் தவறினாலும் போச்சு.

தாமிரபரணி: யூரேட்டரைப் பற்றி யார் கேட்டது? கர்ப்பப்பைத் தமனியின் கிளையும் சினைப்பைக்குப் போகிறதே, அதை வெட்டுகிறார்களா இல்லையா? கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு, சினைப்பை இருந்தாலும், சில வருடம் முன்னாடியே மெனோபாஸ் வருவது ஆய்வுகளில் வந்த விஷயம். எல்லாருக்கும் வரும் என்று நான் சொல்லவில்லை. அந்த வரியை எடுங்கள்.

வைகைக்கரை: யூரேட்டரை லேசாக விடாதீர்கள். என் அத்தைக்குப் பத்தாம் நாளிலிருந்து புடவை நனைந்துகொண்டே இருந்தது. வெள்ளைப்படுதல் என்றே மூன்று வாரம் மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் சிறுநீர்க் கசிவு. மறுபடி ஆபரேஷன்.

தாமிரபரணி: வருத்தமாக இருக்கிறது அண்ணா. ஆனால் இங்கே பேச்சு சினைப்பை.

கொங்குக்கிளி: தேவையில்லாமல் எடுப்பதைப் பேசுங்கள் முதலில். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரிடம் 2019இல் கணக்கெடுத்தார்கள். 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. மாதவிலக்குக்கு லீவு போட்டால் கூலி போகும், அபராதம் வேறு. அதிக ரத்தப்போக்குக்குக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் மாதிரி வழி இருப்பதை யார் அவர்களிடம் சொன்னார்கள்?

தியேட்டர் சிஸ்டர்: அது கான்ட்ராக்டர்கள் செய்த கொடுமை. அதற்கு நான் என்ன செய்ய? புற்றுநோய் என்றால் எடுக்காமல் இருக்க முடியுமா?

தாமிரபரணி: புற்றுநோயை யார் இழுத்தது? தைராய்டு விவாதத்திலும் இப்படித்தான், கேட்டதை விட்டு வேறு எதையோ பேசினீர்கள்.

தியேட்டர் சிஸ்டர்: அன்றைக்கு என்னை "வெறும் நர்ஸ்" என்றது யார்? அதை நான் மறக்கவில்லை.

தாமிரபரணி: அதைச் சொன்னது நான் இல்லை. பழைய பக்கத்தைத் திறந்து பாருங்கள். இப்போது கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். 36 வயதுக்காரி ஒருத்தி உங்கள் வரியை நம்பி நாளைக்குக் கையெழுத்துப் போடுவாள். மூன்று வருடம் கழித்து உடம்பு எரியும்போது எதனால் என்றுகூட அவளுக்குத் தெரியாது. எலும்பு, இதயம் எதையும் பரிசோதிக்கவும் மாட்டாள்.

தியேட்டர் சிஸ்டர்: நான் கண்ணால் பார்த்ததை எழுதினேன். எடுக்க மாட்டேன்.

தாமிரபரணி: தியேட்டரில் பார்த்தீர்கள். வீட்டுக்குப் போன பிறகு யார் பார்த்தது?