பெயர்ப் பலகை மாறிய பள்ளியும் நாங்கள் அலைந்த மூன்று வாரங்களும்

மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் தத்தம் அனுபவங்களை இங்கே எழுதி வருவதால், என்னுடையதையும் பதிவு செய்கிறேன். எங்கள் வீடு, 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட புறநகர் ஒன்றில் இருக்கிறது. அவ்வாண்டு மாநகரின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சாலையும் குப்பையும் தெருவிளக்கும் மாநகராட்சியின் பொறுப்புக்கு வந்துவிட்டன. பள்ளிகளோ பல ஆண்டுகள் மாநிலப் பள்ளிக் கல்வித் துறையிடமே இருந்துவிட்டு, பிறகுதான் கைமாறின.

என் மகள் நான்காம் வகுப்பில் படித்தபோது எங்கள் பள்ளிக்கு அந்த மாற்றம் வந்தது. வாயில் பலகையில் 'சென்னை தொடக்கப் பள்ளி' என்று புதிதாக எழுதினார்கள். மாலை வெயில் சாய்ந்து விழும்போது, பூச்சுக்கு அடியில் 'ஊராட்சி ஒன்றிய' என்ற பழைய எழுத்துகள் மேடுகட்டித் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மாணவியர் கழிப்பறைக்குச் செல்லும் தண்ணீர்க் குழாய் உடைந்தது. எங்களுக்கு அது உடனே தெரியவில்லை. மகளின் தண்ணீர்ப் பாட்டில் காலையில் நான் நிரப்பிக் கொடுத்தபடியே மாலையில் திரும்பி வருவதை நான்கைந்து நாள் கவனித்த பிறகு, ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். "குடிச்சா பாத்ரூம் போகணும்மா" என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதையே சொன்னபோது எனக்கு அடிவயிறு கலங்கியது.

தாய்மார் நால்வர் சேர்ந்து வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போனோம். கட்டடம் இனி மாநகராட்சியுடையது, அங்கே கேளுங்கள் என்றார்கள். மாநகராட்சியின் அலுவலகத்திலோ, "இந்த ஸ்கூல் இன்னும் எங்க லிஸ்ட்ல ஏறலைம்மா" என்று ஓர் ஊழியர் சொன்னார். இப்படியே இரண்டு வாரம் போயிற்று. தலைமையாசிரியை தம் கைப்பணத்தில் ஆள் வைத்துக் குடத்தில் தண்ணீர் ஊற்றச் செய்தார். அந்த அம்மையாருக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

வழி பிறந்தது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில். கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் இக்குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. எங்கள் குழுவில் வார்டு உறுப்பினரும் இருந்தார். குழாய் உடைந்த நாள், பாதிக்கப்பட்ட மாணவியரின் எண்ணிக்கை, ஏறி இறங்கிய அலுவலகங்கள் என அனைத்தையும் தீர்மானமாக எழுதிக் கையொப்பமிட்டு, வார்டு உறுப்பினருடன் மண்டல அலுவலகத்துக்கு நேரில் சென்று கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்கினோம். மூன்றாம் நாள் உதவிப் பொறியாளர் வந்து பார்த்தார். அந்த வாரமே புதுக் குழாய் போட்டார்கள். வாய்மொழியாக முறையிட்டு அலைந்த நாள்கள் வீணானவை என்பது என் உறுதியான கருத்து.

மாநகராட்சி பள்ளி நடத்துவதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது: பொறுப்பானவர் நாம் நடந்து போய்ப் பார்க்கும் தொலைவில் இருக்கிறார். சொத்து வரியோடு கல்வி வரியும் நாம் செலுத்துகிறோம் என்பதால் கேட்கும் உரிமையும் இருக்கிறது. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி மன்றம் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியதும், 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரை நெல்பேட்டையில் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கப்பட்டதும் எனக்குப் பெருமையான செய்திகள். என் மகளும் அந்தக் கிச்சடியையும் பொங்கலையும் விரும்பிச் சாப்பிட்டவள்தான்.

மாநகராட்சிப் பள்ளி அரசுப் பள்ளிக் கணக்கில் வருமா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் மாநகராட்சிப் பள்ளி மாணவர்களும் அடங்குவர், கவலை வேண்டாம்.

எங்கள் பள்ளியில் தூய்மைப் பணிக்கு இன்னும் ஒருவர்தான் இருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறோம்.