மறு: சுமெரோகிராம் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய மெசொப்பொத்தேமியாவின் சுமேரிய மொழிச் சொல்லை எழுதிவிட்டு, வேற்று மொழியார் தம் மொழியில் வாசித்த குறிதான் சுமெரோகிராம். அதற்கு ஐயா முன்வைத்த 'சுமேரியக் கடன்சொல்' என்ற பெயர் எனக்கு ஒப்பவில்லை. கடன்சொல் என்றால் அது வாயிலும் வர வேண்டும். 'சாவி'யைப் போர்ச்சுகீசியரிடமிருந்து வாங்கினோம், சாவி என்றே சொல்கிறோம். இன்றைய துருக்கிப் பகுதியில் பழங்காலத்தில் ஆண்ட ஹிட்டைட் மக்களின் எழுத்தர் செய்தது வேறு. களிமண் பலகையில் 'லுகல்' என்ற சுமேரியச் சொல்லைப் பதித்தார். வாசிக்கும்போது 'ஹஸ்ஸுஸ்' என்றார். இரண்டுக்கும் அரசன் என்றுதான் பொருள். சுமேரியம் கையோடு நின்றுவிட்டது, நாக்குக்கு வரவில்லை.

ஹிட்டைட்டில்தான் வாசித்தார்கள் என்பதை ஒட்டிவரும் விகுதி காட்டிக்கொடுக்கிறது. பலகையில் 'லுகல்-உஸ்' என்று இருக்கும். 'உஸ்' ஹிட்டைட்டின் எழுவாய் விகுதி. நாம் '3-ஆவது' என்று எழுதுகிறோமே, அதே முறைதான். 'ஆவது' ஒட்டியதுமே 3-ஐத் தமிழில் படித்துவிடுகிறோம்.

இந்த எழுத்துமுறை இல்லையென்றால் ஹிட்டைட் மொழியே பிடிபட்டிருக்குமா என்பது சந்தேகம். துருக்கியில் பொகாஸ்கோய் என்ற ஊரில், அதாவது பழைய ஹத்துசாவில், 1906 முதல் தோண்டியெடுத்த பலகைகளில் ஒரு வரி: 'நு நிந்தா-அன் எட்ஸத்தேனி, வாதர்-மா எகுத்தேனி.' நிந்தா என்றால் சுமேரியத்தில் ரொட்டி என்பது முன்பே தெரியும். செக் மொழியறிஞர் ஹ்ரோஸ்னி அதைப் பிடித்துக்கொண்டார். ரொட்டி என்றால் அடுத்து வருவது உண்பதாக இருக்கும், ஆங்கில 'வாட்டர்' போல ஒலிக்கும் 'வாதர்' நீராக இருக்கும். 'இப்போது ரொட்டி உண்பீர்கள், நீரும் குடிப்பீர்கள்.' இது இந்தோ-ஐரோப்பிய மொழி என்று 1915-இல் அறிவித்தார்.

'சுமேரிய எழுத்து' என்பதும் சரிவராது. பலகை முழுவதும் ஆப்பு வடிவக் கோடுகளால் ஆன ஒரே ஆப்பெழுத்துதான் (கியூனிஃபார்ம்). 'கருத்தெழுத்து' என்றால், குறி நிற்பது சொல்லுக்கு என்பது மறைந்துபோகும்.

என் பரிந்துரை: ஒரு முழுச் சொல்லுக்கு நிற்கும் குறியான லோகோகிராமுக்குச் 'சொற்குறி'. சுமெரோகிராமுக்குச் 'சுமேரியச் சொற்குறி', மெசொப்பொத்தேமியாவின் இன்னொரு மொழியான அக்காதியத்தில் அதேபோல் எழுதிய அக்காடோகிராமுக்கு 'அக்காதியச் சொற்குறி'. முன்னால் மொழியின் பெயரைச் சேர்த்தால் போதும். ஹிட்டைட்டின் உறவுமொழி பேசிய லூவியரின் படவெழுத்துக்கும் இது கைகொடுக்கும். அங்கே சுமேரியம் கிடையாது, வெறும் சொற்குறி என்று சொல்லிவிடலாம்.

ஒரு சொல்லில் வைத்துப் பாருங்கள். மன்னர் இறந்ததை ஹிட்டைட் ஆவணங்கள் 'தெய்வமானார்' என்று எழுதும், நம் ஊரில் தெய்வமாகிவிட்டார் என்பதுபோல. அந்தத் தெய்வத்தை எழுதுவது 'திங்கிர்-லிம்-இஸ்' என்று. திங்கிர் சுமேரியம், லிம் அக்காதியம், இஸ் ஹிட்டைட். வாசிப்பது 'சியுனிஸ்'. 'சுமேரியச் சொற்குறி, அக்காதிய ஈறு, ஹிட்டைட் விகுதி' என்று விளக்கினால் மாணவருக்கு உடனே புரியும். 'கடன்சொல்' என்று தொடங்கினால் மூன்றாவது அடியிலேயே சிக்கிக்கொள்வோம்.

இன்னொன்றும் பேச வேண்டும். ரோமன் எழுத்தில் சொற்குறிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுப் பிரித்துக்காட்டுகிறார்கள். தமிழில் அந்த வசதி இல்லை. தடித்த எழுத்து சுமேரியத்துக்கு, சாய்ந்த எழுத்து அக்காதியத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாமா? அச்சுப்பணி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.